ஊனோ: ஸ்பானிய மொழியில் ஒன்று என்னும் சொல்

ஸ்பானிய மொழியில் ஒன்று என்ற எண்ணைக் குறிக்கும் சொல் 'ஊனோ'. லத்தீன் மொழியின் 'ஊனுஸ்' என்ற சொல்லிலிருந்து அது பிறந்தது. இத்தாலிய மொழியின் 'ஊனோ', போர்த்துக்கீசிய மொழியின் 'உம்', ருமேனிய மொழியின் 'ஊனு' ஆகியவையும் அதே வேரிலிருந்து கிளைத்தவை. ஸ்பானிய மொழி இன்று 20 நாடுகளில் அரசு மொழி. ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. அவர்களுடைய பேச்சில் 'ஊனோ' எண்ணாக மட்டும் வருவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு முன் ஒட்டிவரும் ஆர்ட்டிக்கிளாக வருகிறது. சொல்லாமல் விட்ட ஒரு பொருளுக்குப் பதிலாக நிற்கிறது. 'நான்' என்று சொல்லத் தயங்குகிறவர் தம்மைக் குறித்துக்கொள்ளவும் பயன்படுகிறது. இதன் பொருளை அறிய அகராதியைவிட வாக்கியமே உதவும். சொல்லுக்கு முன்னும் பின்னும் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் வடிவம். ஸ்பானிய மொழியில் உயிரற்ற பொருள்களின் பெயருக்கும் பால் உண்டு. புத்தகம் என்னும் 'லிப்ரோ' ஆண்பால். வீடு என்னும் 'காசா' பெண்பால். ஒரு வீடு என்பது 'ஊனா காசா'. ஒரு புத்தகம் என்பதோ 'ஊனோ லிப்ரோ' ஆகாது. கடைசி உயிர் கெட்டு 'ஊன் லிப்ரோ' ஆகும். தமிழ் இலக்கணத்தார் கடைக்குறை என்று சொல்வதற்கு ஒப்பானது இது. எத்தனை புத்தகம் என்று கேட்டால் விடை 'ஊனோ' என முழுமையாக வரும். தமிழில் 'ஒரு புத்தகம்' என்றும் தனித்து 'ஒன்று' என்றும் சொல்லிப் பழகியவருக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். பெயர்ச்சொல்லுக்கு முன் பெயரடை வந்தாலும் குறுகிய வடிவமே வரும்: நல்ல புத்தகம் ஒன்று என்பது 'ஊன் புவேன் லிப்ரோ'. ஆனால் புத்தகங்களில் ஒன்று என்னும்போது அடுத்து வருவது 'தே' என்னும் முன்னிடைச்சொல். ஆகவே 'ஊனோ தே லோஸ் லிப்ரோஸ்' என முழு வடிவம் திரும்பிவிடுகிறது. இந்தக் குறுக்கம் 'ஊனோ'வுக்கு மட்டும் உரியதன்று. நல்ல என்னும் 'புவேனோ' 'புவேன்' என்றும், முதல் என்னும் 'ப்ரிமேரோ' 'ப்ரிமேர்' என்றும் ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன் குறைகின்றன.

பெண்பாலில் ஒரு சிக்கல் இருக்கிறது. கழுகு என்னும் 'ஆகிலா' பெண்பால் சொல். ஆனால் ஸ்பானியர் பெரும்பாலும் 'ஊன் ஆகிலா' என்றே சொல்கிறார்கள். கோடரி என்னும் 'ஆச்சா', ஆன்மா என்னும் 'ஆல்மா', வகுப்பறை என்னும் 'ஆவுலா', ஆயுதம் என்னும் 'ஆர்மா' எல்லாம் இப்படியே. அழுத்தம் பெற்ற அகர ஒலியில் தொடங்கும் பெண்பால் பெயர்களுக்கு முன் 'ஊனா' 'ஊன்' ஆகிறது. அந்தச் சொல் ஆண்பாலாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. இடைக்கால ஸ்பானிய மொழியில் 'ஊனா'வின் இறுதி அகரம் அடுத்து வரும் உயிரோடு கலந்து மறைந்தது, எஞ்சியது 'ஊன்'. பார்வைக்கு ஆண்பால் வடிவம்போல் இருந்தாலும் அது பெண்பாலின் குறுக்கமே. அதனால்தான் பின்னால் வரும் பெயரடை பெண்பாலிலேயே நிற்கிறது: கறுப்புக் கழுகு ஒன்று என்பது 'ஊன் ஆகிலா நேக்ரா', 'நேக்ரோ' அன்று. இடையில் வேறு சொல் புகுந்தால் காரணமே போய்விடுகிறது. 'ஊனா கிரான் ஆகிலா' என்று முழு வடிவம் வருகிறது. பன்மையிலும் சிக்கலில்லை: 'ஊனாஸ் ஆகிலாஸ்'.

மொழிக்கு விதி வகுக்கும் ஸ்பானிய அரச கழகம் 'ஊனா ஆகிலா' என்பதையும் பிழை என்று தள்ளவில்லை. வழக்கு குறைவு என்று மட்டுமே குறிக்கிறது. எழுத்துகளின் பெயர்கள் இந்த விதிக்கு அடங்குவதில்லை: ஓர் 'அ' என்பது 'ஊனா ஆ' என்றே வரும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கும் பெயர்களும் அடங்குவதில்லை. அரபுப் பெண் ஒருவரை 'ஊனா ஆராபே' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஊன்' என்றால் ஆண் என்று ஆகிவிடும். ஒலிக்காக எழுந்த விதி பொருளைக் குழப்பும் இடத்தில் விலகிக்கொள்கிறது. மொழியின் இந்த நிதானம் கவனிக்கத்தக்கது. இந்த விதியை நீட்டி, இந்தத் தண்ணீர் என்பதற்கு 'எஸ்தே ஆகுவா' என்று ஆண்பால் சுட்டைச் சேர்ப்பவர்கள் ஸ்பெயினிலேயே நிறைய உண்டு. அது பிழை, 'எஸ்தா ஆகுவா' என்பதே சரி.

இருபத்தொன்று முதலான கூட்டெண்களிலும் 'ஊனோ' தன் இயல்பை விடுவதில்லை. இருபத்தொன்று 'பெயின்தியூனோ'. இருபத்தொரு புத்தகங்கள் 'பெயின்தியூன் லிப்ரோஸ்'. இருபத்தொரு பக்கங்கள் 'பெயின்தியூனா பாகினாஸ்'. குறுகிய வடிவத்தை எழுதும்போது கடைசி உயிரின்மேல் அழுத்தக்குறி இட வேண்டும். முழு வடிவத்துக்கு அது தேவையில்லை. முப்பத்தொன்று முதல் மூன்று சொற்களாகப் பிரித்து எழுதுவதே மரபு: 'த்ரெயின்தா இ ஊனோ'. ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவதையும் அரச கழகத்தின் 2010ஆம் ஆண்டு எழுத்திலக்கணம் ஏற்றது. ஆனாலும் அது பெரிதாகப் பரவவில்லை. கூட்டெண்ணின் கடைசிச் சொல் ஒன்று என்பதற்காகப் பெயர் ஒருமையில் வராது. ஆயிரத்தொரு இரவுகள் நூலின் ஸ்பானியத் தலைப்பு 'லாஸ் மில் இ ஊனா நோச்சேஸ்': 'ஊனா' ஒருமை, இரவு என்னும் 'நோச்சே' பன்மை. எண்ணற்ற என்ற பொருளில் 'மில் இ ஊன்' என்று பேச்சில் சொல்வதும் உண்டு. எண்ணற்ற சிக்கல்கள் என்பது 'மில் இ ஊன் ப்ரோப்லேமாஸ்'.

ஆயிரம் என்னும் 'மில்' இடையில் வந்தால் பால் இயைபு தளர்கிறது. இருபத்தோராயிரம் பேர் என்பதை 'பெயின்தியூன் மில் பெர்சோனாஸ்' என்றும் 'பெயின்தியூனா மில் பெர்சோனாஸ்' என்றும் சொல்லலாம். 'பெர்சோனா' பெண்பால், ஆனாலும் 'மில்' நடுவில் நிற்பதால் முதல் வடிவமும் செல்லும். 'மில்' இல்லாமல் இருபத்தொரு பேர் என்றால் 'பெயின்தியூனா பெர்சோனாஸ்' மட்டுமே சரி. விழுக்காட்டில் முழு வடிவமே பரிந்துரைக்கப்படுகிறது: 'த்ரெயின்தா இ ஊனோ போர் சியெந்தோ'. நூற்றுக்கும் ஆயிரத்துக்கும் முன் 'ஊன்' வராது. நூறு 'சியென்', ஆயிரம் 'மில்', அவ்வளவுதான். பத்து லட்சம் என்னும் 'மில்யோன்' பெயர்ச்சொல் ஆதலால் 'ஊன் மில்யோன்' என்றே வரும். எண்ணப்படும் பொருளுக்கு முன் 'தே' சேர வேண்டும். மெக்சிகோவில் காசோலை எழுதும்போது 'ஊன் மில்' என்று தொடங்கும் வழக்கம் உண்டு. முன்னால் வேறு எண்ணைச் சேர்த்துத் தொகையைத் திருத்த இடம் விடாமல் அது அடைத்துவிடுகிறது.

மணி சொல்லும்போது 'ஊனா' வரும். மணி என்னும் 'ஓரா' பெண்பால். ஒரு மணி ஆகிறது என்பது 'எஸ் லா ஊனா', வினை ஒருமை. இரண்டிலிருந்து வினையும் பன்மை: 'சோன் லாஸ் தோஸ்'. பாரம் தூக்குகிறவர்களும் ஏலம் விடுகிறவர்களும் 'ஆ லா ஊனா, ஆ லாஸ் தோஸ், ஆ லாஸ் த்ரேஸ்' என்று கூவுகிறார்கள். சொல்லமைப்பு மணி சொல்வதுபோல இருந்தாலும் அங்கே நடப்பது எண்ணிக்கை. தேதியில் நாட்டுக்கு நாடு வழக்கு மாறுகிறது. ஜனவரி 1 ஸ்பெயினில் 'ஊனோ தே எனேரோ'. அமெரிக்க நாடுகளில் பெரும்பாலும் 'ப்ரிமேரோ தே எனேரோ', அதாவது முதலாம் தேதி. உழைப்பாளர் நாளை மட்டும் ஸ்பெயினும் 'ப்ரிமேரோ தே மாயோ' என்றே அழைக்கிறது. மன்னர் பெயரோடு 'ஊனோ' ஒருபோதும் சேராது. முதலாம் கார்லோஸ் 'கார்லோஸ் ப்ரிமேரோ'. பத்துக்கு மேல் போனால் சாதாரண எண்ணே போதும். பதின்மூன்றாம் அல்போன்சோ 'அல்போன்சோ த்ரேசே'.

இனி ஆர்ட்டிக்கிள். லத்தீனில் ஆர்ட்டிக்கிள் இல்லை. அதன் வழிவந்த மொழிகள் ஒன்று என்ற எண்ணையே தேய்த்து, கேட்பவர் இதுவரை அறியாத ஒருவரையோ ஒன்றையோ கதைக்குள் கொண்டுவரும் கருவியாக்கின. ஸ்பானிய நாட்டுக் கதைகள் 'ஆபியா ஊனா பேஸ் ஊன் ரேய்' என்று தொடங்கும்: ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். இங்கே யாரும் ராஜாவை எண்ணிப் பார்க்கவில்லை. புதிய ஆள் ஒருவன் வருகிறான் என்று சொல்ல மட்டுமே 'ஊன்' நிற்கிறது. மறுமுறை அவன் வரும்போது 'எல் ரேய்', அதாவது அந்த ராஜா, ஆகிவிடுவான். இருந்தும் எண்ணின் சாயல் 'ஊன்' சொல்லிலிருந்து முழுதும் அழியவில்லை. 'எல்' அழுத்தமின்றிப் பின்வரும் சொல்லோடு ஒட்டி ஒலிக்கிறது. 'ஊன்' தனக்கென்று ஓர் அழுத்தத்தோடு ஒலிக்கிறது.

இந்தச் சாயலை வைத்தே ஒரு நீண்ட வாதம் நடந்தது. ஸ்பானிய மொழியியலாளர் அமாதோ அலோன்சோ ஆர்ட்டிக்கிளைப் பற்றி 1933இல் வெளியிட்ட கட்டுரையில் 'ஊன்' ஆர்ட்டிக்கிளே அன்று என்று வாதிட்டார். 'எல்', 'ஊன்' இரண்டையும் ஒரே வகுப்பில் வைப்பது மரபிலக்கணத்தின் பழக்கம்; அவற்றின் நடத்தை வேறு வேறு என்பது அவர் நிலை. மொழியியலாளர் எமிலியோ அலார்கோஸும் அந்த நிலையை ஏற்றார். அரச கழகமும் பிற நாட்டுக் கழகங்களும் சேர்ந்து 2009இல் வெளியிடத் தொடங்கிய புதிய இலக்கணம் அதை ஆர்ட்டிக்கிள் வரிசையிலேயே வைக்கிறது. கற்பவருக்குக் கழகத்தின் வழியே எளிது. ஆனால் 'ஒன்றே ஒன்று, இரண்டல்ல' என்று வலியுறுத்தும் வாக்கியத்தில் அதே 'ஊன்' மறுபடி எண்ணாகிவிடுகிறது என்பதை அலோன்சோவின் பக்கத்து நியாயமாக ஏற்கத்தான் வேண்டும்.

ஆர்ட்டிக்கிளை விடுவதற்கும் இடுவதற்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு ஸ்பானிய இலக்கண வகுப்புகளில் வழங்கும் ஓர் எடுத்துக்காட்டே போதும். 'ஹுவான் எஸ் பயாசோ' என்றால் ஹுவானின் தொழில் கோமாளி வேடம். சர்க்கஸில் வேலை செய்கிறான். 'ஹுவான் எஸ் ஊன் பயாசோ' என்றால் அது வசை. அவன் ஒரு கோமாளி. தொழிலைச் சொல்லும்போது 'ஊன்' தேவையில்லை. வைத்தியர் என்பதற்கு 'எஸ் மேதிகோ' போதும். மதிப்பிடும்போதும் உவமிக்கும்போதும் அது வந்து சேர்கிறது. கேட்பவரை வியக்க வைக்கும் இடத்திலும் அதுவே: 'ஆசே ஊன் ஃப்ரீயோ' என்று குரலை ஏற்றி வாக்கியத்தை முடிக்காமல் விட்டால், அப்படி ஒரு குளிர் என்று பொருள். வேறொன்று என்னும் 'ஓத்ரோ'வுக்கு முன் மட்டும் 'ஊன்' இடக் கூடாது. ஆங்கிலமோ பிரெஞ்சோ படித்துவிட்டு வருபவர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது.

ஒன்றுக்குப் பன்மை இருப்பது கணக்குக்கு ஒவ்வாது. ஸ்பானிய இலக்கணத்தில் அதற்கு இடமுண்டு. 'ஊனோஸ்', 'ஊனாஸ்' என்பவை சில என்று பொருள்படும். எண்ணுக்கு முன் வந்தால் ஏறத்தாழ என்று பொருள்: 'ஊனோஸ் பெயின்தே லிப்ரோஸ்' என்பது தமிழர் 'ஒரு இருபது புத்தகம்' என்று சொல்வதேதான். இரு மொழிகளும் தொடர்பின்றித் தனித்தனியே இந்த வழியைக் கண்டிருக்கின்றன. எப்போதும் பன்மையில் வழங்கும் பொருள்களோடு வந்தால் பொருள் மறுபடி ஒன்றே: 'ஊனாஸ் திஹேராஸ்' ஒரு கத்தரிக்கோல், 'ஊனாஸ் காஃபாஸ்' ஒரு மூக்குக் கண்ணாடி. இது லத்தீனிலிருந்து வந்த பழக்கம். படைமுகாமைக் குறிக்கும் 'காஸ்த்ரா' லத்தீனில் பன்மைச் சொல். ஒரு முகாம் என்பதற்கு 'ஊனா காஸ்த்ரா' என்று எண்ணையும் பன்மையாக்கியே சொன்னார்கள்.

'ஊனோ'வின் பயன்களில் ஆழமானது, அது ஆளைக் குறிக்கும் பயன். 'ஊனோ நோ சாபே கே ஆசேர்' என்றால், என்ன செய்வதென்று ஒருவருக்குத் தெரிவதில்லை என்று பொருள். யார் அந்த ஒருவர்? பெரும்பாலும் பேசுபவரே. தம் தவிப்பை எல்லாருக்கும் பொதுவானதாக்கிச் சொல்கிறார். கேட்பவரும் அதற்குள் அடங்கிவிடுகிறார். வினை எப்போதும் படர்க்கை ஒருமை. இடைக்கால ஸ்பானிய மொழியில் இந்த இடத்தில் மனிதன் என்று பொருள்படும் 'ஓம்னே' நின்றது. பிரெஞ்சின் 'ஓன்' போன்றது அது. 'ஓம்னே' வழக்கொழிந்த பின் அதன் வேலையில் பெரும்பங்கு 'ஊனோ'வுக்கு வந்தது.

பொதுவாகச் சொல்ல ஸ்பானிய மொழியில் 'சே' என்ற சொல்லும் உண்டு. 'சே கோமே பியென் ஆகீ' என்றால் இங்கே நன்றாகச் சாப்பிடலாம். பிறகு 'ஊனோ' எதற்கு? எழுந்திருத்தல் போன்ற தன்வினைகள் ஏற்கெனவே ஒரு 'சே'யைக் கொண்டவை. அங்கே பொதுமைக்கு இன்னொரு 'சே' சேர்த்து 'சே சே லெபாந்தா' என்று சொல்ல மொழி இடம் தருவதில்லை. 'ஊனோ சே லெபாந்தா தெம்ப்ரானோ', ஒருவர் அதிகாலையில் எழுகிறார், என்றே சொல்ல வேண்டும். அங்கே 'ஊனோ' இலக்கணத்தின் கட்டாயம். மேலும் பொதுமைச் 'சே' எழுவாயாக மட்டுமே நிற்கும். ஒருவரைத் தூங்க விடமாட்டேன் என்கிறார்கள் என்பதில் 'ஒருவரை' செயப்படுபொருள். அங்கே 'ஆ ஊனோ' வரலாம், 'சே' வரவே முடியாது. இந்த இரண்டு காரணங்களும் தெரிந்தால் 'ஊனோ'வை நடை அழகுக்காக வந்த சொல் என்று எண்ணத் தோன்றாது.

பேசுபவர் பெண்ணாக இருந்தால் 'ஊனா' என்றும் சொல்லலாம், 'ஊனோ' என்றும் சொல்லலாம். இரண்டும் வழக்கில் உள்ளன. 'ஊனா' என்றால் அது பெண்களின் அனுபவம், அல்லது அவருடைய சொந்த அனுபவம் என்ற சாயல் ஏறும். 'ஊனோ' என்றால் மனிதர் எவருக்கும் பொருந்தும் கூற்றாக நிற்கும். பேசுபவரின் மனநிலையே அங்கே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறது. இந்தப் பயனின் முழு வலிமையையும் கேட்க விரும்புகிறவர் அர்ஜென்டினாவின் 'ஊனோ' என்ற டாங்கோ பாடலைக் கேட்கலாம். 1943இல் வெளியான அந்தப் பாடலின் சொற்கள் என்ரிக்கே சாந்தோஸ் திஸ்செபோலோவுடையவை. இசை மரியானோ மோரெஸுடையது. காதலில் நொறுங்கிய ஒருவரின் கதை 'நான்' என்று தொடங்காமல் 'ஊனோ' என்று தொடங்குவதால் கேட்பவர் ஒவ்வொருவரின் கதையுமாகிவிடுகிறது.

பெயரைச் சொல்லாமல் விட்ட 'ஊனா' பல தொடர்களில் உறைந்திருக்கிறது. 'நோ தார் ஊனா' என்றால் ஒன்றுகூடச் சரியாகச் செய்யாமை. கொலம்பியா, எக்குவதோர் முதலிய நாடுகளில் 'தே ஊனா' என்றால் உடனே, தயங்காமல். 'தோதோஸ் ஆ ஊனா' என்றால் எல்லாரும் ஒருசேர. 1476இல் கொர்தோபா பகுதியின் ஃபுவெந்தே ஒபெஹுனா என்னும் ஊர் மக்கள் கொடுமைக்கார அதிகாரி ஒருவரைச் சேர்ந்து கொன்றனர். கொன்றவர் யார் என்று விசாரித்தபோது ஊரின் பெயரையே விடையாகச் சொன்னார்கள் என்பது மரபு. லோப்பே தே பேகா நாடகமாக்கிய அந்த நிகழ்ச்சியோடு இத்தொடர் பழமொழியாகவே சேர்ந்துவிட்டது. பிளவற்ற என்ற பொருளிலும் இச்சொல் பெயரடையாகும். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி முழக்கமான 'ஊனா, கிராந்தே இ லீப்ரே' என்பதன் முதற்சொல், எண்ணிக்கையில் ஒரு ஸ்பெயின் என்பதைச் சொல்லவில்லை. பிரிக்கப்படக் கூடாத ஸ்பெயின் என்று சொன்னது. கத்தலான், பாஸ்க் மொழிகளைப் பொதுவாழ்விலிருந்து ஒதுக்கிய ஆட்சியின் கொள்கை அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தது.

பிற சொற்களோடு கூடியும் 'ஊனோ' புதுச் சொற்களைத் தந்தது. லத்தீனில் எவரோ என்னும் 'அலிக்விஸ்' அதனோடு சேர்ந்து 'ஆல்கூனோ', யாராவது ஒருவர், ஆயிற்று. எதிர்மறைச் சொல்லான 'நெக்' சேர்ந்து 'நிங்கூனோ', ஒருவருமில்லை, ஆயிற்று. ஒவ்வொருவர் 'காதா ஊனோ'. ஒன்றன்பின் ஒன்றாக 'ஊனோ த்ராஸ் ஓத்ரோ'. 'மாஸ் தே ஊனோ' என்றால் ஒருவருக்கு மேல். குறைந்தது இரண்டு பேராவது இருக்க வேண்டிய இந்தத் தொடர் ஒருமை வினையையே கொள்கிறது. 'ஊனோ' என்ற வடிவம் பொருளை வென்றுவிடுகிறது. நன்றாகப் பாடுகிறவர்களில் ஒருவர் என்னும் அமைப்பில் வினை ஒருமையிலும் வரும், பன்மையிலும் வரும். இலக்கணத்தார் பன்மையை விரும்புகிறார்கள். அந்த விருப்பமே தருக்கத்துக்கும் பொருந்துகிறது. பாடுகிறவர்கள் பலர், பொறுக்கப்பட்டவர்தான் ஒருவர்.

ஸ்பானிய மொழிக்கு வெளியிலும் இந்தச் சொல் பயணம் செய்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்ற முடிதிருத்துநர் 1971இல் உருவாக்கிய சீட்டாட்டத்தின் பெயர் 'ஊனோ'. கையில் ஒரே சீட்டு எஞ்சும்போது ஆடுபவர் அந்தப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் ஸ்பானிய ஆட்சி 1565இல் தொடங்கி 1898 வரை நீடித்தது. அங்கே வழங்கும் தகலோகு மொழியில் ஒன்றுக்கு 'இசா' என்ற சொந்தச் சொல் உண்டு. பொருள்களை எண்ண அதுவே வழங்குகிறது. ஆனால் மணி கேட்டால் 'ஆ லா ஊனா' என்ற ஸ்பானியத் தொடரை ஒட்டி உருவான 'அலா ஊனா' என்பதே விடை. குவாம் தீவின் சமோரோ மொழியில் பழைய எண்கள் அன்றாடப் பேச்சிலிருந்து விலகி, ஒன்று முதலே ஸ்பானிய எண்கள் வழக்கில் வந்துவிட்டன.